சம்பந்தியை உக்காரச் சொன்ன நாள்

என் வீட்டுக்காரரப் பட்டாளத்துல ஆபீசர் ஆக்குன அன்னைக்கு, எங்க பிளாக்குல இருந்த பொம்பளைங்க எல்லாம் சுத்தி நின்னு எனக்குக் கை குடுத்தாங்க. காலைல வரைக்கும் "என்னாடி, இன்னும் துணி காயப் போடலயா"ன்னு கேட்டவங்க, சாயந்திரத்துக்குள்ள என்னை "புவான்"னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. மலாய்ல கல்யாணமான எந்தப் பொம்பளையும் புவான்தான். ஆனா கேம்புக்குள்ள ஆபீசர்தான் துவான், அவரு பொண்டாட்டி மட்டும்தான் புவான். சிப்பாய் பொண்டாட்டி, சார்ஜன் பொண்டாட்டி எல்லாம் வெறும் அக்கா. இத யாரும் எங்கயும் எழுதிப் போடல, யாரும் மாத்திக் கூப்பிட்டதும் இல்ல. எனக்கு ரொம்ப சந்தோஷம்னுதான் வெளிய சொல்லிக்கிட்டேன். உள்ளுக்குள்ள, அடுத்தவ சேலைய இரவல் வாங்கிக் கட்டிக்கிட்டு விசேஷத்துக்குப் போன மாதிரி ஒரே கூச்சம்.

நான் லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துல பொறந்தவ. அப்பா அம்மா ரெண்டு பேருமே பால் மரம் வெட்டுனவங்க. என் வீட்டுக்காரரும் தோட்டத்துப் பிள்ளைதான். பள்ளிக்கூடத்துல அஞ்சாம் பாரம் முடிச்ச கையோட ரெக்ரூட்டா சேந்து, ஒவ்வொரு படியா ஏறி வந்தவரு. கல்யாணம் ஆகி குளுவாங் கேம்புக்கு வந்தப்போ, மேட்டுக்குக் கீழ இருந்த அடுக்குமாடி குவாட்டர்ஸ்ல எங்களுக்கு வீடு. மேட்டு மேல ஆபீசருங்க வீடு. கீழ துணி காயப் போடுற எடத்துல இருந்து பாத்தா அந்த வீட்டுக் கூரையும் ரெண்டு மூணு மாமரமும் தெரியும். நடுவுல வேற வேற கேம்புக்கெல்லாம் மாத்திப் போட்டாங்க, சுத்திச் சுத்தி மறுபடியும் அங்கயே வந்து சேந்தோம். மேட்டு மேல குடி போவோம்னு நாங்க கனவுல கூட நெனச்சதில்ல.

எங்க காலத்துல சண்டை கெடையாது. காட்டுக்குள்ள கம்யூனிஸ்ட்டுங்களோட நடந்த சண்டை இவரு சேர்றதுக்கு முன்னாலயே முடிஞ்சு போச்சு. அடுத்த சண்டை, சாமி புண்ணியத்துல, இன்னும் வரல. தோட்டத்துக்குப் போனா சொந்தக்காரங்க விட மாட்டாங்க. "என்னா மாப்பிள்ள, இத்தன வருஷத்துல எத்தன கொசுவச் சுட்டீங்க"ன்னு கேப்பாங்க. இவரும் சிரிச்சுக்கிட்டே காப்பிய உறிஞ்சுவாரு. சண்டை இல்லாத பட்டாளத்துல என்னா வேலைன்னு என்னைக் கேட்டா சொல்லுவேன். புல்லு வெட்டணும். பூட்ஸ மூஞ்சி தெரியற மாதிரி தேய்க்கணும். மெர்சிங் பக்கம் பயிற்சிக்குப் போயிட்டு வரும்போது கருவாடு வாங்கிக்கிட்டு வரணும். யாரு யாருக்கு சல்யூட் அடிக்கணும்னு மறக்காம இருக்கணும். குண்டு பாயற எடத்துல ஒருத்தன் பக்கத்துல ஒருத்தன் படுத்துக்குவான், யாரு பெரியவன்னு கேக்க மாட்டான். சும்மா இருக்கற பட்டாளத்துல அது ஒண்ணுதான் கேள்வியே.

எதிர்வீட்டுல இருந்தவரு என் வீட்டுக்காரரோட ஒரே நாள்ல ரெக்ரூட்டா சேந்தவரு. லெபனானுக்கு அமைதிப்படையில போனப்போ ரெண்டு பேரும் ஒரே கூடாரத்துல படுத்து, ஒரே டின்ல சோறு தின்னவங்க. அவர நான் அண்ணன்னு கூப்பிடுவேன், அவரு சம்சாரத்த அண்ணின்னு. என் வீட்டுக்காரரும் அண்ணனும் ஒருத்தர ஒருத்தர் மச்சான் மச்சான்னுதான் கூப்பிட்டுக்குவாங்க. ரத்த சம்பந்தம் ஒண்ணும் இல்ல, கேம்புல அப்படித்தான் சொந்தம் உண்டாகும். அண்ணி வீட்டுல மீன் கொழம்பு வெச்சா எங்க வீட்டுல சோறு மட்டும்தான் வடிப்பேன். அவங்க மகனும் என் மகளும் ஒரே பாய்ல உருண்டு வளந்ததுங்க. தீபாவளிக்குத் தீபாவளி அண்ணி, "உன் பொண்ணு எங்களுக்குத்தான், வேற எங்கயாச்சும் குடுத்தே, பாத்துக்கோ"ன்னு மெரட்டுவாங்க. நான் அண்ணன்னு கூப்பிட்டதால முறையும் சரியாத்தான் இருந்துச்சு. வெளையாட்டாப் பேசுனது நெசமாவே ஆயிருச்சு. பையன் படிச்சு முடிச்சு செனாய்ல ஒரு ஃபேக்டரியில டெக்னீஷியன் ஆனான். என் மகளுக்கு டவுன் கிளினிக்குல வேல. ரெண்டு பேரும் போன்ல பேசிச் சிரிக்கிறத நாங்க நாலு பேரும் தெரியாத மாதிரி இருந்தோம்.

அப்பத்தான் இவருக்கு நட்சத்திரம் வந்துச்சு. கீழ இருந்து வந்தவங்கள்ல நல்ல வேலைக்காரங்கள ஒருத்தர் ரெண்டு பேர ஆபீசர் ஆக்குவாங்க. இவரத் தூக்கி ஸ்டோருக்குப் பொறுப்பாப் போட்டாங்க. அதே ஸ்டோர்லதான் அண்ணன் ஸ்டாஃப் சார்ஜன். மொத நாள் சாயந்திரம் வீட்டுக்கு வந்தவரு சட்டையக் கழட்டாமயே உக்காந்திருந்தாரு. என்னான்னு கேட்டேன்.

"இன்னைக்கு மச்சான் எனக்கு சல்யூட் அடிச்சாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, நான் திருப்பி அடிச்சேன். நல்லாத்தான் அடிச்சாரு"ன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டாரு. அன்னைக்கு இடியாப்பம் பண்ணியிருந்தேன், ரெண்டோட எந்திரிச்சிட்டாரு.

மேட்டு வீடு பெருசு. எங்க பழைய நாற்காலி எல்லாம் அந்த ஹால்ல ஒரு மூலைக்குக் கூடப் பத்தல. அக்கம் பக்கத்துல எல்லாம் சின்ன வயசு லெப்டினன்ட்டுங்க, அவங்க பொண்டாட்டிங்க பட்டம் வாங்கினவங்க, இங்கிலீஷ்ல பூனை வளக்குறவங்க. நான் வாயத் தொறந்தா தோட்டம் எட்டிப் பாக்கும். கேம்புல மனைவிமாருக்குன்னு ஒரு சங்கம் உண்டு. அங்க புருஷன் பட்டை வரிசைப்படிதான் நாற்காலி. இத்தன வருஷமும் நான் பின்னால நின்னு டீ ஊத்துனவ. மொத மீட்டிங்குலயே என்னை ரெண்டாவது வரிசையில உக்கார வெச்சிட்டாங்க. அண்ணி தட்டத் தூக்கிக்கிட்டு வந்து என் முன்னால குனிஞ்சு, "புவான், டீ"ன்னாங்க. எனக்கு உசிரே போயிருச்சு. தட்டப் புடுங்கப் போனேன். அண்ணி கண்ணாலயே அதட்டுனாங்க. நான் கப்ப எடுத்துக்கிட்டேன். அந்த டீயில சக்கரை இருந்துச்சா இல்லயான்னு இன்னைக்கும் சொல்ல முடியாது.

கொஞ்சம் கொஞ்சமா அவங்க மேட்டுக்கு வர்றது நின்னு போச்சு. நான் கீழ போனாலும் பிளாக்குப் படியில உக்காந்து பேசிக்கிட்டிருந்தவங்க எந்திரிச்சு நிப்பாங்க. நான் வந்தா பேச்சு நின்னுரும். கல்யாணப் பேச்ச அவங்கதான் எடுக்கணும், மாப்பிள்ளை வீடு. மாசம் ஓடுது, ஒரு சத்தமும் காணோம். மகள் மூஞ்சி நாளுக்கு நாள் சுருங்குது. எனக்குக் கோவம் வந்துருச்சு. ஒரு ஞாயித்துக் கெழமை நேரா அண்ணி வீட்டுக்குப் போயிட்டேன்.

"இனிமே அதெல்லாம் சரிப்பட்டு வருமா?"ன்னாங்க அண்ணி. "நீங்க ஆபீசர் வீடு. அவரு துவானுக்குக் கீழ வேல செய்யறவரு. சம்பந்தின்னு எப்படிப் பக்கத்துல உக்கார்றது?"

"ஏன் அண்ணி, எனக்கு என்னா தலையில கொம்பா மொளைச்சிருக்கு? இந்தப் பொண்ணு உங்க வீட்டுக்குன்னு பெறந்ததுல இருந்து சொல்லிக்கிட்டிருக்கீங்க. இப்ப வேணாம்னா, அவளுக்கு நீங்களே வந்து சொல்லிட்டுப் போங்க."

அண்ணி அழுதுட்டாங்க. நானும் அழுதேன். கடைசியில அண்ணன்தான் ரூம்புல இருந்து வெளிய வந்து, "நிச்சயத்த வெச்சுக்கலாம் லா, நாள் பாருங்க"ன்னாரு. அன்னைக்கு அவரு என்னைத் தங்கச்சின்னும் கூப்பிடல, புவான்னும் கூப்பிடல.

நிச்சயம் பொண்ணு வீட்டுல நடக்கறதுதானே வழக்கம், அதனால மேட்டு வீட்டுலயே வெச்சோம். இங்கதான் நான் ஒரு காரியம் பண்ணுனேன். கேம்ப் கமாண்டரையும் அவரு சம்சாரத்தையும் கூப்பிட்டேன். என் வீட்டுக்காரர் வேணாம்னாரு. "குடும்ப விசேஷம், நம்ம ஆளுங்க போதும்"னாரு. நான் கேக்கல. கூப்பிடாட்டி நாளைக்கு அந்தம்மா மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னு சாக்கு சொன்னேன். சைவச் சாப்பாடுதான்னாலும் அவங்க மலாய் முஸ்லீம்ங்களாச்சேன்னு ஹலால் கேட்டரிங் ஆள்கிட்ட சொன்னேன். உள்ள இருந்த ஆசை வேற. கொசுவச் சுட்டீங்களான்னு கேட்ட சொந்தக்காரங்க வாயப் பொளந்துக்கிட்டு நிக்கணும்.

அன்னைக்குக் காலைல மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரங்க வெளியூர்ல இருந்து வந்த வேன கேம்பு வாசல் கார்ட்ரூம்புல நிறுத்திட்டாங்க. வெளியாளுங்க எல்லாம் அடையாளக் கார்டு குடுத்துட்டுத்தான் உள்ள வரணும். சீர்த் தட்ட மடியில வெச்சுக்கிட்டு அவங்க வெயில்ல உக்காந்திருந்ததா அப்புறம் சொன்னாங்க. மேட்டுக்கு வந்து சேர்றப்பவே எல்லார் மூஞ்சியும் வேர்த்துக் கெடந்துச்சு. அண்ணன் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெத்தியில திருநீறு, கையில தேங்காய் பழத் தட்டு. நான் அவர வேட்டியில பாத்து எத்தனையோ வருஷம் ஆச்சு, மாப்பிள்ளையோட அப்பான்னு சொன்னா யாரும் எந்திரிச்சு நிப்பாங்க, அப்படி இருந்தாரு. என் வீட்டுக்காரர் வாசல்ல பன்னீர் தெளிச்சாரு. அண்ணன் உள்ள கால வெச்சாரு, சோஃபாவுல கமாண்டர் உக்காந்திருக்கறதப் பாத்தாரு. அவ்வளவுதான், முதுகு அப்படியே நிமிந்துருச்சு. ரெண்டு கையிலயும் தட்டு இருந்ததால சல்யூட் அடிக்க முடியல. அப்படியே வெறைப்பா நின்னு, மலாய்ல "வணக்கம் துவான்"னாரு. கமாண்டரும் நல்லபடியா தலைய ஆட்டுனாரு.

ஹால் நடுவுல ஜமக்காளம் விரிச்சு, ரெண்டு சம்பந்திங்களும் எதிரும் புதிருமா உக்கார எடம் போட்டிருந்தோம். ஐயர், "மாப்பிள்ளையோட அப்பா மொதல்ல உக்காருங்கோ"ன்னாரு. அதுதான் வழக்கம். மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் மொத மரியாதை. அவங்க உக்காந்தப்புறம்தான் பொண்ணு வீடு உக்காரணும். அண்ணன் உக்காரல. என் வீட்டுக்காரரப் பாத்தாரு, சோஃபாவப் பாத்தாரு. ஆபீசர் நிக்கும்போது சார்ஜன் உக்கார மாட்டான். அது அவரு உடம்புல ஊறிப் போயிருந்துச்சு.

"உக்காருங்க சம்பந்தி"ன்னாரு இவரு.

"நீங்க மொதல்ல, துவான்."

"இல்ல இல்ல, நீங்கதான் மொதல்ல."

"பரவால, துவான் உக்காருங்க."

ரெண்டு பேரும் நிக்கறாங்க. இவரு உக்காந்தா சம்பந்திக்கு மரியாதை இல்ல, அவரு உக்காந்தா ஆபீசருக்கு மரியாதை இல்ல. ஐயர் கடிகாரத்தப் பாக்கறாரு, ராகு காலம் வரப் போகுது. என் பெரியப்பா மகன், "என்னாப்பா, நிச்சயமா கவாத்தா"ன்னாரு. நாலு பேரு களுக்குன்னு சிரிச்சாங்க. கமாண்டர் தலைய நீட்டி, என்னா பிரச்சினைன்னு மலாய்ல கேட்டாரு. இவரு நெத்தியில வேர்வை வழியுது. எனக்குத் தெரியும், அந்த மனுஷனுக்கு நாலு பேரு முன்னால முழிச்சுக்கிட்டு நிக்கறதுதான் உலகத்துலயே ஆகாத காரியம். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள, மைதானத்துல கத்துற அதே தொண்டையில, "டுடோக்!"ன்னு ஒரு சத்தம் போட்டாரு. உக்காருன்னு அர்த்தம். கவாத்துல ரெக்ரூட்டுங்களுக்குப் போடுற சத்தம்.

அண்ணன் உக்காந்துட்டாரு. யோசிக்கவே இல்ல. சம்மணம் போட்டு, முதுகு நேரா, ரெண்டு கையும் முட்டி மேல. அவரு மட்டும் இல்ல, மாப்பிள்ளை வீட்டோட வந்து சொவத்தோரமா நின்னுக்கிட்டிருந்த பிளாக்குக் கார்ப்ரல்ங்க மூணு நாலு பேரும் பொத்துன்னு கீழ உக்காந்துட்டாங்க.

கமாண்டர் சிரிச்சாரு. அவரு கெட்ட மனுஷன் இல்ல, தமாஷு பண்றாங்கன்னு நெனச்சுக்கிட்டாரு. கை கூடத் தட்டுனாரு. அவரு சிரிச்சதும் எங்க சொந்தக்காரங்களும் சேந்து சிரிச்சாங்க. ஹால் முழுக்கச் சிரிப்பு. அண்ணி மட்டும் கையில வெத்தலைத் தட்ட வெச்சுக்கிட்டு நின்னாங்க. மாப்பிள்ளை அவங்கப்பாவையே பாத்துக்கிட்டிருந்தான். அண்ணன் யாரையும் பாக்கல. எதுக்க இருந்த குத்துவெளக்கையே பாத்துக்கிட்டிருந்தாரு. என் வீட்டுக்காரர் மூஞ்சி செத்துப் போச்சு. அப்படியே மடங்கி எதுத்தாப்புல உக்காந்தாரு. மானம் கப்பலேறிருச்சு, அத நாங்களே வாடகைக்குப் புடிச்ச கப்பல்ல ஏத்தியிருந்தோம்.

தட்டு மாத்துனாங்க. ஐயர் மந்திரம் சொன்னாரு. எல்லாம் முறைப்படிதான் நடந்துச்சு. மாப்பிள்ளை வீட்டுல பாதிப் பேரு சாப்பிடாமயே கெளம்பிட்டாங்க, கேட்டா வேன்காரன் அவசரப்படுத்துறான்னாங்க. கடைசியா மாப்பிள்ளை என் வீட்டுக்காரர்கிட்ட வந்தான். கோவமா பேசல.

"மாமா, ஸ்டோர்ல நீங்க அவர என்னா வேணாலும் சொல்லுங்க, நான் கேக்க மாட்டேன். அவரு வேட்டி கட்டியிருந்தாரு மாமா."

அவன் எங்க ரெண்டு பேரு கால்லயும் விழுந்து கும்பிட்டுட்டுப் போனான். திட்டியிருந்தா கூட எனக்குத் தேவலயா இருந்திருக்கும்.

அடுத்த வாரமே கேம்பு முழுக்கப் பரவிருச்சு. கேன்டீன்ல யாராச்சும் நின்னுக்கிட்டு சாப்பிட்டா, "சம்பந்தி, டுடோக்"ன்னு ஒருத்தன் சொல்லுவானாம், மத்தவனுங்க சிரிப்பானுங்களாம். மனைவிமார் சங்கத்துல ஒரு லெப்டினன்ட் பொண்டாட்டி என்கிட்டயே கேட்டா, உங்க வழக்கத்துல மாப்பிள்ளையோட அப்பாவ அப்படி அதட்டித்தான் உக்கார வைக்கணுமா, ரொம்ப வேடிக்கையா இருக்கேன்னு. ஆமான்னு சொல்லிட்டு வந்துட்டேன். வேற என்னா சொல்றது.

வீட்டுக்கு வந்து அவரு மேல பாய்ஞ்சேன். "இருபத்துச் சொச்சம் வருஷம் மச்சான் மச்சான்னு ஒண்ணா தின்னீங்களே, அந்த வாயில எப்படி வந்துச்சு?"

"தானா வந்துருச்சு. நான் என்னா வேணும்னா கத்துனேன்? நீதானே கமாண்டரக் கூப்பிட்ட."

உண்மைதானே. அன்னையில இருந்து எங்க வீட்டுல மூணு பேரும் மூணு நேரத்துல சாப்பிட்டோம். மாப்பிள்ளை மகளுக்குப் போன் பண்றத நிறுத்திட்டான். அவ போன கையில வெச்சுக்கிட்டே தூங்குவா. நான் எட்டிப் பாத்தா சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவா. ஒரு நாள் கேட்டா, "நீங்க மேட்டுக்கு வந்தீங்க, நல்லது. என்னை ஏன்மா இழுத்துக்கிட்டு வந்தீங்க?" கல்யாணம் நின்னுருச்சுன்னே நான் முடிவு பண்ணிட்டேன்.

இவரும் சும்மா இருக்கல. ஸ்டோர்லயே அண்ணன்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னு போயிருக்காரு. திரும்பி வந்து நாற்காலியில தொப்புன்னு விழுந்தாரு.

"போனேன். என்னைப் பாத்ததும் எந்திரிச்சு அட்டென்ஷன்ல நிக்கறாரு. அட்டென்ஷன்ல நிக்கறவருகிட்ட எப்படிடி மன்னிப்பு கேக்கறது? பூட்ஸு ஸ்டாக்கு எவ்வளவு இருக்குன்னு கேட்டுட்டு வந்துட்டேன்."

எனக்கு அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. நானே கீழ போனேன். அண்ணி கதவத் தொறந்தாங்க. நாற்காலியில இருந்த மடிச்ச துணிய எடுத்துப் போட்டுட்டு, முந்தானையால அதத் தொடச்சாங்க. நான் எப்பவும் குடிக்கற பிளாஸ்டிக் குவளை அலமாரியில இருக்கு, அத விட்டுட்டு விருந்தாளிங்களுக்கு எடுக்கற பூப்போட்ட கப்புல காப்பி போட்டுக்கிட்டு வந்தாங்க. நான் மன்னிப்பு கேட்டேன். "அய்யோ, அதெல்லாம் எதுக்கு புவான்"ன்னாங்க. அப்படிப் புவான்னு கூப்பிட்டதுக்குப் பதிலா அவங்க என்னை செருப்பால அடிச்சிருக்கலாம்.

அண்ணன் வேல முடிஞ்சு வந்தாரு. என்னைப் பாத்ததும் தொப்பியக் கழட்டிட்டு வாசல்லயே நின்னாரு. நான் எந்திரிச்சேன். அவரு வீட்டுல அவரு நிக்கும்போது நான் எப்படி உக்கார்றது.

"அவரு வேணும்னு கத்தல அண்ணே"ன்னேன்.

"எனக்குத் தெரியாதா? நான் உக்காந்ததுதான் எனக்கே வெக்கமா இருக்கு. துவான் கத்துனது இல்ல. என் மகன் பாத்துக்கிட்டிருந்தான். நான் சட்டுன்னு உக்காந்துட்டேன்." கொஞ்ச நேரம் தொப்பியவே திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "கல்யாணம் நடக்கும். தை மாசம் வெச்சுக்கலாம், டவுன்ல கோயில் மண்டபத்துல. மகன்கிட்ட நான் பேசிக்கறேன். எனக்குக் கொஞ்சம் டைம் மட்டும் குடுங்க."

எதுக்கு டைம்னு நான் கேக்கல. மனசு ஆற டைம் கேக்கறாருன்னு நெனச்சுக்கிட்டேன். கல்யாணம் நடக்கும்னு ஒரு வார்த்தை கெடச்சதே போதும்னு மேட்டுக்கு ஓடி வந்தேன். ஒரு வாரம் கழிச்சு மகள் ரூம்புல மறுபடியும் போன் பேச்சு கேட்டுச்சு. சாமி ரூம்புல போய் நின்னுக்கிட்டு அழுதேன்.

தீபாவளிக்கப்புறம் அண்ணன் குடும்பம் பிளாக்கக் காலி பண்ணிட்டு செனாய்ல மகன் வாடகைக்கு எடுத்த வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். லீவு போட்டுக்கிட்டு கல்யாண வேலை பாக்கறாருன்னாரு என் வீட்டுக்காரர். நானும் நம்பிட்டேன். கீழ நடக்கற பேச்சு எல்லாம் மேட்டுக்கு வடிகட்டித்தான் வரும், அதுவும் என் காதுக்கு ஒண்ணுமே வராது.

கல்யாணத்துக்கு நாங்க கமாண்டரக் கூப்பிடல. எங்க சொந்தம், அவங்க சொந்தம், கிளினிக்கு ஆளுங்க, ஃபேக்டரி ஆளுங்க, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் விடியறதுக்கு முன்னாலயே மண்டப வாசல்ல போய் நின்னுட்டாரு. மாப்பிள்ளை வீட்டு வேன் வந்துச்சு. அண்ணன் எறங்கினாரு. எனக்கு ஒரு நிமிஷம் அடையாளம் தெரியல. முடி காத மூடியிருந்துச்சு. மீசை வாய் வரைக்கும் வந்திருந்துச்சு, தாடி வேற. கேம்புல ஒரு இஞ்சு முடி கூட விட மாட்டாங்க. இவரு பன்னீரத் தெளிச்சு, ரெண்டு கையையும் கூப்பி, "வாங்க சம்பந்தி"ன்னாரு. அண்ணனும் கும்பிட்டாரு. நேரா உள்ள போனாரு. மணவறைக்கு முன்னால மாப்பிள்ளையோட அப்பாவுக்குப் போட்ட நாற்காலி. யாரும் சொல்லாமயே போய் உக்காந்தாரு. கால் மேல கால் போட்டுக்கிட்டாரு. அவரு நல்லா சாஞ்சு உக்கார்ற வரைக்கும் என் வீட்டுக்காரர் கையக் கட்டிக்கிட்டுப் பக்கத்துல நின்னாரு. மாப்பிள்ளை மணவறையில இருந்தே அதப் பாத்தான்.

எனக்கு அப்படி ஒரு நிம்மதி. எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சேன். தாலி கட்டி முடிஞ்சு, பொண்ணுக்குச் சேலை மாத்துற ரூம்புல அண்ணியும் நானும் மகளும் மட்டும் இருந்தோம்.

"அண்ணன் ஏன் அண்ணி இப்படி முடி வளத்திருக்காரு? லீவு முடிஞ்சு போனா திட்டு வாங்கப் போறாரு"ன்னேன்.

அண்ணி என்னை ஒரு மாதிரியாப் பாத்தாங்க. "லீவா? எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்துட்டாரே. யூனிஃபார்ம கூட ஸ்டோர்ல ஒப்படைச்சாச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

"எப்போ?"

"நிச்சயம் முடிஞ்ச மறு மாசமே எழுதிக் குடுத்தாரு. அடுத்த வருஷம் வாரன்ட் ஆபீசர் ஆக வேண்டியது. பேரு மேல போயிருச்சுன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. நான் அழுதேன், சண்டை போட்டேன். பட்டாளத்துச் சட்டையப் போட்டுக்கிட்டு சம்பந்தி வீட்டுல என்னால உக்கார முடியாதுடி, என்னை விட்ருன்னுட்டாரு." அண்ணி என் மகளோட சேலை மடிப்பச் சரி பண்ணிக்கிட்டே சொன்னாங்க. கொரல்ல கோவம் இல்ல. "துவானுக்குத் தெரியுமே. அவருதானே அந்தக் கடுதாசிய மேல அனுப்பி வெச்சாரு."

நான் என் மகளப் பாத்தேன். அவ கண்ணாடியப் பாத்துக்கிட்டிருந்தா, கண்ணு நெறஞ்சிருந்துச்சு. அவளுக்கும் தெரியும். சொன்னா நீங்க போய் அழுது தடுத்துருவீங்கன்னு மாமா சொல்ல வேணாம்னாரும்மா, அப்படின்னா. ஆக மொத்தம் எல்லாருக்கும் தெரியும். மண்டபத்துல காலைல இருந்து சிரிச்சுக்கிட்டு, கும்பிடு போட்டுக்கிட்டு, எல்லாம் சரியாப் போச்சுன்னு குதிச்சுக்கிட்டிருந்தது நான் ஒருத்திதான். அந்தப் பட்டுச் சேலையோட அப்படியே பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு. பத்தொம்பது வயசுல போட்ட சட்டையக் கழட்டி வெச்சுட்டு வந்திருக்காரு மனுஷன், எங்க வீட்டு விசேஷத்துல ஒரு நாற்காலியில உக்கார்றதுக்கு.

பந்தியில அண்ணனும் என் வீட்டுக்காரரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாங்க. அண்ணன், "மச்சான், அந்த உப்ப இப்படித் தள்ளுங்க"ன்னாரு. எத்தன நாளுக்கப்புறம் அந்த வார்த்தை. என் வீட்டுக்காரர் உப்பத் தள்ளிட்டு எலையையே பாத்துக்கிட்டிருந்தாரு. நான் பாயசம் ஊத்த வந்தவ, ஊத்தாமயே திரும்பிப் போயிட்டேன்.

சாயந்திரம் பொண்ண அனுப்பி வெச்சுட்டு கார்ல வரும்போதுதான் கேட்டேன். திட்டணும்னுதான் வாயத் தொறந்தேன், திட்ட வரல.

"ஏங்க நீங்க தடுக்கல? உங்க கைக்கு வந்துதானே மேல போச்சு. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு நின்னிருப்பாரே."

அவரு கார் வேகத்தக் கொறைச்சாரு.

"நின்னிருப்பாரு"ன்னாரு. "வேணாம் மச்சான்னு நான் சொல்லியிருந்தா, கைய ஒட்டி வெச்சு நின்னுக்கிட்டு, 'சரி துவான்'னு சொல்லியிருப்பாரு. அப்புறம் எப்படிடி அவரு இன்னைக்கு வந்து உக்காருவாரு?"